விதைக்குள் தாய்க்கு எவ்வளவு, தந்தைக்கு எவ்வளவு: கருவூணில் மரபணு வெளிப்பாட்டை அளக்கும் முறை

விதைக்குள் கருவுக்கு உணவூட்டும் திசுதான் கருவூண். அங்கே தாய், தந்தை பங்கில் 2:1 என்பதுதான் சமநிலை, 1:1 அல்ல. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ.வில் 67 சதவீதம் தாயிடமிருந்து வந்திருந்தால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. தாய் இரண்டு பிரதி தந்திருக்கிறாள், தந்தை ஒன்று. 95 சதவீதம் தாயுடையது என்று வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, "விதையுறை கலந்துவிட்டதா?" என்பது.

கருவூணில் ஒரு மரபணு பெற்றோரைப் பார்த்து வெளிப்படுகிறதா, அதாவது இம்ப்ரிண்டிங் உள்ளதா என்று சோதிக்கும் முழு வேலையும் கீழே உள்ளது. உதாரணச் செடி அராபிடாப்சிஸ், ஆய்வகங்களில் வழக்கமான சிறு செடி. மக்காச்சோளம் எளிதாக இருக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

விதைக்குள் மூன்று தரப்பு

மகரந்தக் குழாய் இரண்டு ஆண் கேமீட்டுகளை, அதாவது இனச்செல்களை, கொண்டு வருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. அங்கே தாய், தந்தை பங்கு 1:1. மற்றொன்று மைய செல்லோடு சேர்கிறது. அங்கே ஏற்கெனவே இரண்டு துருவ உட்கருக்கள் இருப்பதால் உருவாகும் கருவூண் மும்மடியம் (குரோமோசோம் தொகுதி மூன்று), பங்கு 2:1. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் லில்லிக் குடும்பச் செடிகளில் நவாஷின் கண்டார். மூன்றாவது தரப்பு விதையுறை. அது சூலுறையிலிருந்து வளர்வது. முழுக்க முழுக்கத் தாயின் திசு, தந்தைக்கு அதில் பங்கே கிடையாது. உங்கள் முடிவைக் கெடுக்கப்போகிறவர் இவர்தான்.

ஒரே டி.என்.ஏ. வரிசை, தாய் வழியாக வந்தால் ஒரு விதமாகவும் தந்தை வழியாக வந்தால் வேறு விதமாகவும் நடப்பதை முதலில் தெளிவாகக் காட்டியது மக்காச்சோளத்தின் ஆர் மரபணு. நிறம் தரும் ஆர் தாயிடமிருந்து வந்தால் மணி முழுதும் நிறமேறும். தந்தையிடமிருந்து வந்தால் திட்டுத்திட்டாக நிறமேறும். தாயிடமிருந்து இரண்டு பிரதி, தந்தையிடமிருந்து ஒன்று என்ற எண்ணிக்கை வித்தியாசம் இதற்குக் காரணமல்ல என்பதையும் சேர்த்து 1970இல் கெர்மிக்கிள் காட்டினார்.

வித்தியாசம் எங்கே உருவாகிறது

கருவுறுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. மைய செல்லில் டிமீட்டர் என்ற நொதி வேலை செய்கிறது. அது டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஏறிய சைட்டோசின் எழுத்தை வெட்டி எடுத்துவிட, அந்த இடம் மெத்தில் இல்லாத சைட்டோசினால் நிரப்பப்படுகிறது. ஆண் கேமீட்டில் இந்த வேலை நடப்பதில்லை. அங்கே மெட்1 என்ற நொதி காத்துவந்த மெத்திலேற்றம் அப்படியே இருக்கிறது. ஆக, கருவூணுக்கு வரும்போது தாய்ப் பிரதி மெத்தில் களைந்து வருகிறது, தந்தைப் பிரதி மெத்திலோடு வருகிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். சில மரபணுக்களை மெத்திலேற்றம்தான் அடக்கி வைத்திருக்கிறது. அவற்றில் மெத்தில் களைந்த தாய்ப் பிரதி பேசும், தந்தைப் பிரதி அடங்கிக் கிடக்கும். எஃப்.ஐ.எஸ்.2, எஃப்.டபிள்யூ.ஏ. இந்த வகை. வேறு சில மரபணுக்களில் கதை தலைகீழ். மெத்தில் போன இடத்தில் மரபணுக்களை அடக்கும் பாலிகோம்ப் கூட்டுப்புரதம் வந்து அமர்ந்து, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் 27ஆம் லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகளை ஏற்றி, தாய்ப் பிரதியை அடக்குகிறது. தந்தைப் பிரதியோ மெத்திலேற்றத்தால் அந்தப் பூட்டிலிருந்து தப்பி வெளிப்படுகிறது. ஃபெரிஸ்1 இதற்கு நல்ல உதாரணம். மெத்திலேற்றம் என்றாலே மரபணு அணைந்துவிடும் என்று பள்ளியில் படித்ததை இங்கே கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள்.

கருவூணில் இயங்கும் அந்தப் பாலிகோம்ப் கூட்டுப்புரதத்தின் உறுப்பினர்கள் மெடியா, எஃப்.ஐ.எஸ்.2, எஃப்.ஐ.இ., எம்.எஸ்.ஐ.1. இவற்றில் மெடியாவும் எஃப்.ஐ.எஸ்.2வும் தாமே தாய்ச்சார்பு மரபணுக்கள், அதாவது தாய்ப் பிரதியே வெளிப்படுபவை. அதனால்தான் மெடியா திடீர்மாற்றத்தை ஒரு பிரதியில் சுமக்கும் செடி தாயாக இருந்தால் பாதி விதை சிதைகிறது; அதே செடியைத் தந்தையாக வைத்தால் விதைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: தாய் வழியில் மட்டும் விதை சிதைவதை வைத்து இம்ப்ரிண்டிங் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மைய செல்லிலேயே தேவைப்படும் சாதாரண மரபணு பழுதானாலும் இதே விகிதம்தான் வரும். ஆர்.என்.ஏ.வை அளந்தால்தான் தெரியும்.

படி 1: இரண்டு ரகங்கள்

தாய்ப் பிரதி எது, தந்தைப் பிரதி எது என்று பிரித்தறிய இரண்டுக்கும் இடையே எழுத்து வித்தியாசம் வேண்டும். அராபிடாப்சிஸில் கால்-0, லேர் இணையோ கால்-0, சிவி இணையோ வழக்கம். மக்காச்சோளத்தில் பி73, மோ17. தேர்ந்தெடுத்த மரபணுவின் எக்ஸான்களுக்குள் (முதிர்ந்த ஆர்.என்.ஏ.வில் தங்கும் பகுதிகள்) ஒரு எஸ்.என்.பி.யாவது, அதாவது ஓர் எழுத்து வித்தியாசமாவது, இருக்கிறதா என்று கலப்புக்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் அந்த இணையில் அந்த மரபணுவை எவ்வளவு ஆழமாக வரிசைப்படுத்தினாலும் பயனில்லை.

எந்த இணையை எடுத்தாலும் இரண்டு திசையிலும் கலப்பு செய்தே ஆக வேண்டும்: கால்-0 தாய், லேர் தந்தை; பிறகு லேர் தாய், கால்-0 தந்தை. ஒரு திசையை மட்டும் செய்து கட்டுரை எழுத முடியாது. ஏன் என்பது படி 5இல்.

விதையின் உள்ளே கை வைத்துப் பழக்கமில்லாதவர் மக்காச்சோளத்தில் தொடங்குவது நல்லது. மகரந்தம் சேர்ந்து 14ஆம் நாளில் மணி கையில் பிடிக்கும் அளவு இருக்கும், வெளித்தோல் உரியும், கருவைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிடலாம். கதிரில் பட்டு நூல் வெளிவருமுன் உறை போட மறந்தால் மட்டும் எல்லாம் வீண்.

படி 2: கலப்பு

அராபிடாப்சிஸ் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும். எனவே மகரந்தப்பை வெடிக்குமுன் அதை அகற்ற வேண்டும். மொட்டின் நுனியில் அல்லி இதழின் வெண்மை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது என்ற நிலையே சரியான நிலை. வெண்மை நன்றாக வெளியே தெரிந்தால் நேரம் கடந்துவிட்டது. பச்சையாகவே இருந்தால் சூலகம் இன்னும் சின்னது, இடுக்கி பட்டாலே நசுங்கும்.

ஒரு பூங்கொத்தில் 3 முதல் 5 மொட்டுகள் போதும். திறந்த பூக்கள், காய்கள், நடுவில் உள்ள மிகச் சிறு மொட்டுகள் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். 5ஆம் எண் கூர்நுனி இடுக்கியால் புல்லி இதழ், அல்லி இதழ், பிறகு ஆறு மகரந்தத்தாள்கள் என்று வரிசையாக எடுங்கள். நான்கு நீளம், இரண்டு குட்டை. தவறிப்போவது எப்போதும் அந்தக் குட்டை இரண்டில் ஒன்றுதான். அடியில் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும். எண்ணிப் பாருங்கள். ஒரு மகரந்தப்பை மஞ்சள் தூள் உதிர்த்தது கண்ணில் பட்டால் அந்தப் பூவைத் தயங்காமல் கிள்ளி எறியுங்கள், இடுக்கியை 70 சதவீத எத்தனாலில் துடையுங்கள்.

24 முதல் 48 மணி நேரம் காத்திருந்தால் சூலகமுடி மயிர் மயிராக விரியும். அப்போது தந்தைச் செடியிலிருந்து புதிதாக வெடித்த மகரந்தப்பையை எடுத்து முடி முழுக்க மஞ்சளாகும்வரை தடவுங்கள். திசைக்கு ஒரு நிற நூல், கூடவே நாளும் மணியும் எழுதிய சீட்டு.

சில பூக்களில் மகரந்தத்தாள்களை நீக்கிவிட்டு மகரந்தம் தடவாமல் விடுங்கள். அவற்றில் காய் நீளக்கூடாது. நீண்டு உள்ளே விதை இருந்தால் உங்கள் கை இன்னும் பழகவில்லை என்று பொருள். தன்மகரந்தம் கலந்த விதையில் எல்லா மரபணுவும் நூறு சதவீதம் தாயுடையதாகத் தெரியும். அதைக் கணினியில் பிறகு சரி செய்ய வழியில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் சில காய்களை முதிரவிட்டு, நாற்றுகளில் இரண்டு மூன்று குறியீடுகளைப் பி.சி.ஆர். செய்து பாருங்கள். எல்லாம் கலப்புயிரியாக இருக்க வேண்டும்.

படி 3: அறுவடையும் பிரித்தெடுப்பும்

மிக முன்னதாக அறுவடை செய்தால் மைய செல் விட்டுப்போன பழைய ஆர்.என்.ஏ. தாய்க் கணக்கில் சேரும். மிகத் தாமதமானால் கரு கருவூணை உண்டு தீர்த்திருக்கும். முதிர்ந்த அராபிடாப்சிஸ் விதையில் மிஞ்சுவது ஒற்றை அடுக்கு செல்கள். கரு இதய வடிவத்திலிருந்து டார்ப்பீடோ வடிவத்துக்குப் போகும் காலம் வசதியானது. 22 டிகிரி செல்சியஸில் அது ஏறக்குறைய 5 முதல் 7ஆம் நாள். ஆனால் நாளை நம்பாதீர்கள், கருவின் வடிவத்தை நம்புங்கள். அறை 2 டிகிரி குளிர்ந்தாலே கணக்கு மாறும். லேர் தாயும் கால்-0 தாயும் ஒரே வேகத்தில் ஓடுவதுமில்லை. இரு திசைகளிலும் கரு ஒரே வடிவத்தில் இருக்கும்போது எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

கண்ணாடித் தகட்டில் இருபுறம் ஒட்டும் நாடாவை ஒட்டி, காயைப் பிளந்து விதைகளை அதில் பதியுங்கள். மேலே 0.3 மோலார் சார்பிட்டாலும் 5 மில்லிமோலார் எம்.இ.எஸ்.ஸும் கலந்த, pH 5.7 கரைசலில் ஒரு துளி. நுண்ணோக்கியின் கீழ், இன்சுலின் ஊசி முனையால் விதையின் ஓரத்தைக் கீறி, எதிர்ப்பக்கம் மெல்ல அழுத்தினால் கரு வழுக்கி வெளியே வரும். அதை அப்புறப்படுத்துங்கள். பிறகு விதையுறையின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற பச்சை கலந்த படலத்தைச் சுரண்டி எடுங்கள், அதுதான் கருவூண். புதிய துளிகளில் இரண்டு மூன்று முறை அலசி, உடனே திரவ நைட்ரஜனில் இடுங்கள். ஒரு மாதிரிக்கு 50 முதல் 100 விதை. ஒரு தகட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். காயம் பட்ட திசு தன் மரபணு வெளிப்பாட்டை மாற்றத் தொடங்கும்.

இந்தக் கைவேலை பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: உட்கருக்களைப் பிரிப்பது. விதையை நறுக்கி, டாப்பி சாயம் ஏற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் விட்டால் கருவும் விதையுறையும் 2சி, 4சி, 8சி உச்சங்களில் விழும் (சி என்பது ஒரு குரோமோசோம் தொகுதியின் டி.என்.ஏ. அளவு). மும்மடியமான கருவூண் 3சி, 6சி உச்சங்களில் தனியே நிற்கும். அந்த இரண்டு உச்சத்தை மட்டும் சேகரிக்கலாம். கருவி கிடைக்கும் என்றால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கிடைப்பது உட்கரு ஆர்.என்.ஏ. மட்டும், அளவும் குறைவு.

படி 4: ஆர்.என்.ஏ.விலிருந்து ரீடுகள் வரை

டி.என்.ஏஸ் சிகிச்சையைத் தவிர்க்காதீர்கள். மாதிரியில் தங்கிய டி.என்.ஏ. எப்போதும் 2:1 என்றே பதில் சொல்லும். உண்மையான இம்ப்ரிண்டிங்கை அது மங்கவைக்கும். திசைக்கு மூன்று தனித்தனி உயிரியல் மாதிரிகள், ஒவ்வொன்றும் வேறு செடிகளிலிருந்து. ஆர்.என்.ஏ.வை வரிசைப்படுத்தும் கருவி படித்துத் தரும் ஒவ்வொரு துண்டு வரிசையும் ஒரு ரீடு. அதன் நீளம் 150 எழுத்து, இருமுனை (துண்டின் இரு முனையிலிருந்தும் படிப்பது) என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூடக் கூட ஒரு ரீடுக்குள் எஸ்.என்.பி. விழும் வாய்ப்பும் கூடும். எஸ்.என்.பி. இல்லாத ரீடுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ரீடுகளை மரபுத்தொகுதியில் பொருத்தும்போது இன்னொரு கண்ணி. மேற்கோள் மரபுத்தொகுதி கால்-0 உடையது. லேர் ரீடுகள் வித்தியாசம் இருக்கும் இடத்தில் சற்றுக் குறைவாகவே ஒட்டும். எஸ்.என்.பி. இடங்களை எல்லாம் என் என்ற எழுத்தால் மறைத்த மரபுத்தொகுதியில் பொருத்துங்கள், அல்லது இரண்டு ரகத்தின் மரபுத்தொகுதியிலும் பொருத்தி மேலானதை எடுங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, கலப்பு நாற்றின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தி அதே வழியில் ஓட்டுங்கள். அங்கே 50:50 வராத எஸ்.என்.பி.களைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம்.

படி 5: கணக்கு

முதலில் இரு திசை ஏன் என்பது. ஒரு மரபணுவில், கால்-0 தாயாக இருக்கும்போது 95 சதவீதம் கால்-0 ரீடு, லேர் தாயாக இருக்கும்போது 93 சதவீதம் லேர் ரீடு என்றால் வெளிப்பாடு தாயைப் பின்தொடர்கிறது. இது தாய்ச்சார்பு மரபணு. வேறொன்றில் கால்-0 தாயாக 95 சதவீதம் கால்-0, லேர் தாயாகவும் 90 சதவீதம் கால்-0 என்றால், அது ரகத்தைப் பின்தொடர்கிறது. கால்-0 அல்லீல் (மரபணுவின் கால்-0 வடிவம்) வலுவானது, அல்லது பொருத்தலில் சாய்வு, இம்ப்ரிண்டிங் அல்ல. ஒரே திசையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்து, புள்ளியியல். ஒப்பிட வேண்டிய அடிப்படை 2/3, பாதி அல்ல. ஒரு மரபணுவில் 12 ரீடு கிடைத்து 11 தாயுடையது என்று வைத்துக்கொள்வோம். 92 சதவீதம்! ஆனால் சாதாரண 2:1 மரபணுவிலேயே 11 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வரும் வாய்ப்பு 0.054. பன்னிரண்டும் தாயுடையது என்றாலும் 0.0077; பத்தாயிரம் மரபணுவைச் சோதித்தால் 77 மரபணு வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படித் தெரியும். மாறாக 12இல் 10 தந்தையுடையது என்றால் வாய்ப்பு 0.0005 தான். தந்தைச்சார்பை நிறுவ குறைந்த ரீடு போதும், தாய்ச்சார்பை நிறுவ நிறைய வேண்டும். திசைக்கு குறைந்தது 20 தகவல் ரீடு (எஸ்.என்.பி. உள்ளது) இல்லாத மரபணுவைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது உத்தமம். பல சோதனைகளுக்கான திருத்தத்தோடு, அளவு வரம்பும் வையுங்கள்: தாய்ச்சார்புக்கு 85 முதல் 90 சதவீதம் தாய்; தந்தைச்சார்புக்கு 60 முதல் 70 சதவீதம் தந்தை; இரு திசையிலும்.

இனி கலப்படம். எல்லா மரபணுவையும் சேர்த்துத் தாய் விகிதத்தின் நடுமதிப்பைப் பாருங்கள். சுத்தமான கருவூணில் அது 0.67 அருகே நிற்க வேண்டும். அந்த நடுமதிப்பு மீ என்றால், தாயிடமிருந்து மட்டும் வந்த கலப்படத்தின் பங்கு தோராயமாக 3மீ − 2. நடுமதிப்பு 0.70 என்றால் 10 சதவீதம் கலப்படம்; 0.75 என்றால் 25; 0.80 என்றால் 40 சதவீதம். "0.67க்குப் பதில் 0.80 தானே" என்று கடந்துபோவது எவ்வளவு பெரிய ஓட்டை என்று இதில் தெரியும்.

அந்தக் கலப்படம் எங்கிருந்து வந்தது? தன்மகரந்தச் சேர்க்கை என்றால் எல்லா மரபணுவும் ஒரே அளவில் தாய்ப்பக்கம் நகரும். விதையுறை என்றால் விதையுறையில் வலுவாக வெளிப்படும் மரபணுக்கள் மட்டும் தாவும், மற்றவை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். பான்யுல்ஸ் மரபணு விதையுறையின் உள் அடுக்குக்கு நல்ல அடையாளம். அதன் அளவு மாதிரிக்கு மாதிரி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நடுமதிப்பு அழகாக 0.67இல் நிற்கிறது என்பதாலும் நிம்மதி அடைய வேண்டாம். கரு கலந்தால் விகிதம் பாதியை நோக்கி இறங்கும், விதையுறை கலந்தால் ஏறும். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று சமன் செய்து நல்ல பிள்ளை போல் காட்டிவிடும்.

விதையுறையும் சரி, தன்மகரந்தமும் சரி, பழைய ஆர்.என்.ஏ.வும் சரி, தாய்ப்பக்கம்தான் தள்ளும். எனவே பட்டியலில் தந்தைச்சார்பு மரபணுக்களை முதலில் நம்புங்கள், தாய்ச்சார்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக விசாரியுங்கள். ஒரு பட்டியலில் தாய்ச்சார்பு மட்டும் மலைபோல் குவிந்திருந்தால் அது உயிரியல் அல்ல, இடுக்கிப் பிழை.

படி 6: உறுதி செய்தல்

தெரிந்த மரபணுக்கள் சரியான பக்கம் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்: எஃப்.டபிள்யூ.ஏ., எஃப்.ஐ.எஸ்.2 தாய்ப்பக்கம், ஃபெரிஸ்1, அட்மெடாஸ் தந்தைப்பக்கம். ஃபெரிஸ்1இன் தாய்ப் பிரதி முழுதாக அணைந்திருக்காது, அது கோளாறல்ல. பிறகு புதிய மரபணுவை ஆர்.டி.-பி.சி.ஆர். செய்து, ஒரு ரகத்தை மட்டும் வெட்டும் கட்டுப்பாட்டு நொதி போட்டு ஜெல்லில் ஓட்டுங்கள், அல்லது பைரோ வரிசைப்படுத்தலில் அளந்து கொள்ளுங்கள். பிரைமர் இணை ஒரு இன்ட்ரானை (முதிர்ந்த ஆர்.என்.ஏ.வில் இல்லாத பகுதி) தாண்டி அமைந்தால் டி.என்.ஏ. கலந்தது உடனே காட்டிக்கொடுக்கும்.

காரணம் தெரிய வேண்டுமா? மெட்1 திடீர்மாற்றம் உள்ள தந்தையைப் பயன்படுத்துங்கள். மெத்திலேற்றத்தால் அடங்கியிருந்த எஃப்.டபிள்யூ.ஏ. தந்தைப் பிரதி விழித்துக்கொள்ளும். ரக வேறுபாட்டையும் மனத்தில் வையுங்கள். கால்-0வில் தந்தைச்சார்பாக இருக்கும் எச்.டி.ஜி.3 என்ற மரபணு, சிவி தந்தையாக வரும்போது அப்படி நடப்பதில்லை. சிவியில் அந்த இடத்தில் இயல்பாகவே மெத்திலேற்றம் குறைவு. ஒரு இணையில் கிடைத்த பட்டியலை இன்னொரு இணைக்கு அப்படியே எடுத்துச் செல்லக்கூடாது.

சமநிலையைக் கலைத்துப் பார்ப்பது

இதற்கு நான்மடியச் செடி தேவை. நாற்றின் வளர்நுனியில் கால்ச்சிசின் துளி வைத்து உருவாக்கலாம். அது கடும் நஞ்சு, கையுறை கட்டாயம். விதை வங்கிகளில் தயாராகக் கிடைப்பதை வாங்குவதே மேல். எதுவானாலும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் மடியத்தைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

இருமடியத் தாய், நான்மடியத் தந்தை: கருவூண் 2:2, தந்தைப் பங்கு அதிகம். உட்கருக்கள் பெருகிக்கொண்டே போகும், செல் சுவர் அமைவது தாமதமாகும் அல்லது நடக்காமலே போகும். கால்-0வில் பெரும்பாலான விதைகள் சுருங்கிக் கருத்துவிடும், லேர் தாயில் பலவும் பிழைக்கும். நான்மடியத் தாய், இருமடியத் தந்தை: 4:1. செல் சுவர் முன்கூட்டியே அமையும், விதை சிறிதாக இருக்கும், ஆனால் முளைக்கும். இரண்டிலும் கரு ஒரே மாதிரி மும்மடியம்தான் என்பதைக் கவனியுங்கள். கருவின் மடியத்தில் வித்தியாசமே இல்லை, விதைகளின் விதி மட்டும் நேரெதிர். காரணம் கருவூண் என்பதை நோக்கி இது வலுவாகக் கைகாட்டுகிறது. ஒப்பீட்டுக்கு நான்மடியம் இரண்டையும் கலந்து பாருங்கள்: 4:2, அதாவது மறுபடி 2:1, நல்ல பருத்த விதை.

உருளைக்கிழங்கு இனக்கலப்பாளர்கள் இதை 1980 முதல் கருவூண் சமநிலை எண் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இனத்துக்கு 1, 2, 4 என்று ஒரு எண். குரோமோசோம் எண்ணிக்கை எதுவானாலும் இரு பெற்றோரின் இந்த எண்ணும் பொருந்தினால்தான் விதை பிழைக்கும். சோலனம் கம்மர்சோனி என்ற காட்டு உருளைக்கிழங்கு இருமடியம், அதன் எண் 1. எண் 2 உள்ள இருமடிய இனத்தோடு நேராகக் கலந்தால் விதை நிற்காது. முதலில் அதை நான்மடியமாக்கி எண்ணை 2 ஆக்கிவிட்டுக் கலக்க வேண்டும்.